இரண்டு வருடம் மிச்சம்

…பத்து பத்து என்று ஏன் சொன்னாள், பொத்தானை அமத்திவிட்டேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம், நேரத்தையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அந்தப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தது, அப்பா அதைக் கேட்ட கையோடு பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிவிட்டார், "பத்து பத்துக்கு அமத்தியாச்சாம், ராகு காலம் துவங்க இருவது நிமிசம் இருக்கேக்கையே!" மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் அவருக்குக் காலை இடைவேளை பத்தேகாலுக்கு, பதினைந்து நிமிடம், மற்ற நாட்களில் அந்தப் பதினைந்து நிமிடமும் கதிரையில் இருந்தபடியே கண்ணை மூடுவார், இன்றைக்கு மூடியிருக்கமாட்டார். மொன்றியலில், ஜாரி என்ற நிலக்கீழ் மெத்ரோ ரயில் நிலையத்தின் வாசலில், கனத்த கதவுகளைத் தள்ளிக்கொண்டு கீழேயிருந்து ஏறிவரும் காற்றில் தலைமயிர் பறக்க, சாருஜா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். போனின் அந்தப் பக்கத்தில் இரவிச்சந்திரன் அண்ணை, அப்பாவோடு பதினைந்து வருடமாக ஒரே இயந்திரத்தில் நிற்பவர், உரத்த குரலில், "டொக்டரம்மா, முதல் நோயாளி நான்தான், என்ரை முழங்காலைப் பதிஞ்சு வையுங்கோ," என்றார். "ஆறு வருசம் பொறுங்கோ அண்ணை," இது அப்பா, "எட்டில்லை, ஆறு!" "ஆறு வருசத்திலை எனக்கு முழங்காலே இராது, நகுலேஸ்." சிரிப்பு, யாரோ மேசையில் தட்டுகிற சத்தம். பிறகு அப்பா தள்ளி வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது. "பிள்ளை… சாப்பிட்டனியே?" "ஓம் அப்பா." "ரெண்டு வருசம் மிச்சம், பிள்ளை," என்றார், மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்.

அழுதாரா, அல்லது அது வெறும் மூச்சுத்தானா… பத்து பத்துக்கு அவள் செய்த காரியம் வீட்டுக் கதவைப் பூட்டியது. அதற்கு முன் ஒரு மணித்தியாலம் குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள், குளிர்பெட்டிக் கதவில் தொங்கும் பலசரக்குக் கடைக் கலண்டரில் அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார், வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம், அதற்கு முன் அமத்து என்று அம்புக்குறி. திரையில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பச்சைக் கட்டம். ஒன்ராறியோவிலுள்ள அந்தப் பல்கலைக்கழகம் இளமானிப் படிப்பையும் மருத்துவத்தையும் ஒன்றாகத் தைத்து எட்டு வருடத்தை ஆறாகச் சுருக்கித் தருகிறது, ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தவர்களில் இருபது பேருக்கு இடம், அந்த இருபதில் ஒருத்தி அவள், பதினெட்டு வயது, ஏற்றுக்கொள்வதானால் இன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பச்சையை அமத்த வேண்டும், அவ்வளவுதான். அவள் எழுந்து ஒரு கோப்பையைக் கழுவினாள். பிறகு கழுவத் தேவையில்லாத மற்றக் கோப்பைகளையும் எடுத்துக் கழுவினாள். பிறகு காலில் சப்பாத்தைப் போட்டாள். அமத்தக்கூடாது என்று அவள் முடிவெடுக்கவில்லை, அப்படி ஒரு முடிவு எடுத்திருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டாவது நின்றிருக்கலாம்.

படியிறங்கும்போது போனில் பத்து முப்பத்தொன்று. நேரம் கடந்துவிட்டது. அவளுக்கு வந்தது பயம் அல்ல, அது அவளுக்கே வியப்பாக இருந்தது, யாரோ கையிலிருந்த பையை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இனிப் பன்னிரண்டு மணிவரைக்கும் ஒன்றையும் தொடங்கக்கூடாது, அப்பாவே போட்ட கோடு. ராகு காலத்தில் அவளுக்கு நம்பிக்கையா… இரசாயன ஆய்வுகூடத்தில் மில்லிகிராம் நிறுக்கிறவளுக்கு, சூரியனை விழுங்கும் பாம்பில் நம்பிக்கையா… இல்லை, ஆனாலும் ஒன்றையும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான காரணம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறது, அதை ஏன் விடவேண்டும்? ரயில் வந்தது, ஏறினாள், அடுத்த நிலையம் ஜோன்-தலோன். தினமும் அங்கே இறங்கி நீலக் கோட்டு ரயிலுக்கு மாறுவாள், அவளுடைய சீஜெப், பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இந்த மாகாணத்தில் எல்லாரும் இரண்டு வருடம் படிக்கிற கல்லூரி, நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது, நீலக் கோடு நடுவிலுள்ள மலைக்குக் கீழால் நேரே வெட்டிக்கொண்டு போகும், இந்தச் செம்மஞ்சள் கோடு ஊரின் அடிவரைக்கும் இறங்கி வளைந்து ஏறிப் பிறகுதான் அதே இடத்துக்கு வரும். கதவு திறந்தது, அரைவாசிச் சனம் இறங்கியது, அவளுடைய கால்கள் எழும்பவில்லை. கதவு மூடியது. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் இப்படிப் போனதில்லை, எதற்காகப் போவாள், யார்தான் போவார்கள்?

ஒன்பதாம் மாதத்திலேயே நடந்தவள். அப்பா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார், தவழவே இல்லை, எழும்பினாள், நடந்தாள் என்று. நான்காம் வகுப்பைத் தாண்டிப் போகவிட்டார்கள், சனிக்கிழமைக் கணக்கு வகுப்பில் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு இருந்தாள், கோடை விடுமுறையில் அடுத்த வருடப் புத்தகம். ஒருவரும் அவளை அடித்ததில்லை, கத்தியதில்லை, அதுதான் கஷ்டம், அப்பா கத்துகிறவராக இருந்திருந்தால் அவளும் ஒருநாள் திருப்பிக் கத்தியிருப்பாள். அவர் கணக்குமட்டும் சொல்லுவார். தொண்ணூற்றேழில் வந்து இறங்கினது, அகதி விசாரணைக்கு நாலு வருடம், பிறகு அம்மாவைக் கூப்பிட ஆறு வருடம், மொத்தம் பத்து. "என்னட்டை இருந்து பத்து வருசத்தை எடுத்தவங்கள்," என்பார், யார் எடுத்தது என்று சொல்லமாட்டார், சோற்றைப் பிசைந்தபடி மெதுவாகச் சொல்லுவார். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த இரவும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவள் வாசித்துக் காட்டினாள், எட்டு, ஆறு, அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார், எச்சில் கை என்பதையும் மறந்து. "உனக்கு விருப்பம்தானே?" என்றார். ஓம் என்றாள். வேறு என்ன சொல்வது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்லலாம்? அதற்கு முன் நேர்முகத்தில் ஒரு பேராசிரியையும் கேட்டார், ஏன் இந்தச் சுருக்கப் படிப்பு என்று, நேரத்தை வீணாக்க விருப்பமில்லை என்று சொன்னாள், நன்றாகச் சொன்னாள், வாயில் அப்பாவின் சோறு இருந்ததுபோல இருந்தது.

லோரியே நிலையம் கழிந்ததும் போன் அதிர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து சிவநேசம் மாமி, அப்பாவின் தமக்கை, குரல் பதிவு. காதில் பொருத்திக்கொண்டாள். "குஞ்சு, மாமி கதைக்கிறன். தம்பி இப்பதான் சொன்னவன், கேட்டு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. ஆனா பார், அவன் கடைக் கலண்டரைப் பாத்து நேரம் சொல்லுறவன், விசரன், அது கொழும்பு நேரமடி! இஞ்சை மே மாசத்திலை சூரியன் வேளைக்கு எழும்பிப் பிந்தியெல்லே படுக்குது, ராகு காலமும் அதோடை இழுபடும். உங்கடை மொன்றியலுக்கு இண்டைக்குப் பதினொண்டு ஒண்டுக்குத் துவங்கி பன்னிரண்டு நாப்பத்தேழுக்குத்தான் முடியுது, நான் போனிலை போட்டுப் பாத்திட்டன். நீ பயப்பிடாதை, பத்து பத்து எண்டது எந்தக் கணக்கிலையும் நல்ல நேரம்தான். எங்கடை ஊர்ச்சங்கக் குறூப்பிலையும் போட்டிருக்கிறன், எல்லாரும் கை கூப்பினபடி." சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அப்பா தவறான பாம்புக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறார், கார் வாங்கினது, வில்லரேயில் இந்த வீட்டுக்குக் கையெழுத்து வைத்தது, அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, எல்லாம் கொழும்புச் சூரியனைப் பார்த்துத்தான், அவரிடம் யார் இதைச் சொல்வது… அதற்குப் பிறகுதான் உறைத்தது. இப்போது பத்து நாற்பது. அப்படியென்றால் இது ராகு காலம் இல்லை. நல்ல நேரம். இன்னும் இருபத்தொரு நிமிடத்துக்கு நல்ல நேரம், போன் கையில்தான் இருக்கிறது, இப்போது அமத்தினால் பொய்கூட முக்கால்வாசி உண்மையாகிவிடும், பத்து பத்துக்கும் பத்து நாற்பதுக்கும் என்ன பெரிய தூரம்? ஒதுங்கி நிற்கலாம் என்று நினைத்த நிழலை மாமி ஒரு நிமிடக் குரலில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு வேறு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை, அதுதான் வெட்கம். ஓவியம் வேண்டும், நடனம் வேண்டும் என்று ஒரு பெயர் இருந்தால் அதற்காகச் சண்டை பிடிக்கலாம். அவளுக்கு வேண்டியதற்குப் பெயர் இல்லை. ஆய்வுகூடத்தில் அவளோடு சேர்ந்து வேலை செய்கிற மெலனி ஜூன் மாதம் மேற்குக்குப் போகிறாள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் செர்ரி பறிக்க, கூடாரத்தில் படுத்து. "பிறகு?" என்று சாருஜா கேட்டாள், பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். "பிறகு அப்பிள்." "அப்பிளுக்குப் பிறகு?" மெலனி கண்ணாடிக் குழாயைத் துடைத்துக்கொண்டே தோளைக் குலுக்கினாள், "அப்பிள் முடியட்டும், அப்ப யோசிப்பம்." அதை அவள் சொன்ன விதம், மழை வந்தால் குடை விரிப்போம் என்பதுபோல, சாருஜா அன்றைக்கு முழுவதும் அந்தத் தோள்குலுக்கலைக் கண்ணாடி முன் செய்து பார்த்தாள், வரவில்லை, அவளுடைய தோள் அப்படி ஏறாது. செர்ரியில் அவளுக்கு ஆசை இல்லை, கூடாரத்தில் ஒரு இரவும் படுக்கமாட்டாள். அந்த 'பிறகு தெரியாது' மட்டும் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஏப்ரலில் மழை விழ விழ உறைந்து, மரங்கள் கிளை கிளையாக முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவின் தொழிற்சாலை இல்லை, போனும் செத்துவிட்டது. முன்னறையில் எல்லாப் போர்வைகளையும் விரித்து மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள், அவள் யன்னலோரத்தில் ஒரு புத்தகத்தை வாசித்தாள், பரீட்சைக்கு இல்லாத புத்தகம், வெளிச்சம் போகப் போகப் புத்தகத்தையும் யன்னல் பக்கம் நகர்த்தி நகர்த்தி வாசித்தாள், வெளியே தெருவிலுள்ள ஒவ்வொரு சிறு கிளையும் பனிக்கண்ணாடி பூசிக்கொண்டு நின்றது. நாலாம் நாள் பகல் குளிர்பெட்டி உறுமிக்கொண்டு எழும்பியது. அம்மாவும் அப்பாவும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் அழுதாள்? பதினைந்து வயதில் மின்சாரம் வந்ததற்கு யாராவது அழுவார்களா?

ஷோம்-த-மார்ஸில் கதவு திறந்தபோது நீல உடுப்போடு இரண்டு தாதிமார் ஏறினார்கள், மேலே அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, இரவு வேலை முடித்து ஏதோ காரணத்தால் பிந்திப் போகிறார்கள் போல, ஒருத்தி நின்றபடியே கண்ணை மூடினாள். மருத்துவம் பிடிக்காதா… அப்படியும் சொல்ல முடியாது. போன குளிர்காலம் வேறொரு ஆஸ்பத்திரியில் தொண்டு வேலைக்குப் போனபோது, அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை, இவளைக் கூப்பிட்டார்கள். எங்கே நோகுது என்று கேட்டாள். "நோவில்லைப் பிள்ளை, உளைவு," என்றார் அந்தப் பெண், தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் உள்ளங்கையால் நீவிக் காட்டி. டொக்டர் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்டார். அந்தப் பெண் யோசித்து, டொக்டரைச் சந்தோசப்படுத்துகிற மாதிரி, ஆறு என்றார். ஆறு என்று பதிந்துவிட்டு டொக்டர் திரைச்சீலையை விலக்கி அடுத்த கட்டிலுக்குப் போனார், அவரிலும் பிழையில்லை, அன்றைக்கு அங்கே நாற்பது கட்டில். சாருஜா அந்தப் பெண்ணோடு கொஞ்ச நேரம் இருந்தாள், வேலை நேரம் முடிந்த பிறகும், இரவில் எப்படி, நடந்தால் எப்படி, எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொண்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நீவிய கை கண்ணுக்குள் நின்றது. டொக்டராக வேண்டும் என்று உண்மையாகவே தோன்றிய ஒரே நாள் அது. ஆனால் அப்படி உட்கார்ந்திருக்கிற டொக்டராக வரக் கொஞ்சம் பிந்த வேண்டாமா, எங்கேயாவது சும்மா நின்று பார்த்துவிட்டு வரவேண்டாமா… இதை எந்த நேர்முகத்தில் சொல்வது, என்னைக் கொஞ்சம் பிந்தி எடுங்கள் என்றா?

போனை எடுத்தாள். பச்சைக் கட்டம். பத்து ஐம்பத்திரண்டு. விரலை அதன் மேல் பிடித்தாள், தொடாமல், கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு காகிதம் போகிற இடம்விட்டு. லியோனெல்-குரூவில் ஒரு கூட்டம் இறங்கி ஒரு கூட்டம் ஏறியது, யாரோ முழங்கை பட்டது, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், தற்செயலாகப் பட்டிருந்தால்… பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் ஒரு பக்கம் நினைத்தது. யாரோ ஒருவரின் முழங்கையால் டொக்டரானவள்.

மிச்சமாகிற இந்த இரண்டு வருடத்தை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? இருபத்தாறில் முடிவதற்குப் பதிலாக இருபத்துநாலில் முடியும், அந்த இரண்டையும் கொண்டுபோய் எங்கே வைப்பார்கள்? அப்பாவின் பத்தில் இரண்டு அடைபட்டது என்று அவர் நினைக்கிறார், அதைச் சொல்லமாட்டார், ஆனால் மூச்சில் இருந்தது. அம்மா என்ன நினைக்கிறார்? அம்மா, தயாளினி, ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறார், அறுபது குழந்தைகளுக்குப் பதினொன்றரைக்குச் சாப்பாடு, இப்போது கரட் அவிகிற நேரம், அம்மா இன்றைக்குக் கூப்பிடவே இல்லை, கேட்கவும் இல்லை. தை மாதத்தில் ஒருநாள் இருவரும் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சாருஜா கேட்டாள், "அம்மா, அப்பா கூப்பிடுமட்டும் கொழும்பிலை அந்த ஆறு வருசமும் என்ன செய்தனீங்கள்?" "என்னத்தைச் செய்யிறது, விசாவுக்குப் பாத்துக்கொண்டிருந்தன்." இரண்டு தலையணை உறை மடிந்தது. பிறகு, கேட்காமலே, "பின்னேரத்திலை வெள்ளவத்தையிலை இருந்து தண்டவாளத்தாலை நடப்பன். தெகிவளை மட்டும் போவன். கடல் பக்கத்திலை வந்துகொண்டே இருக்கும். எங்கை போறாய் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை." அந்த முகத்தில் அப்போது வந்ததைச் சாருஜா அதற்கு முன் கண்டதில்லை, கலியாணப் படத்திலும் இல்லை, அவள் பிறந்தபோது எடுத்த படத்திலும் இல்லை. அம்மா உடனே ஒரு துவாயை உதறினார். "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. அந்த மனுசன் அந்த நேரம் இஞ்சை குளிருக்கை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டது." ஒரே ஆறு வருடம், ஒரு வீட்டில் ஒருவர் களவுகொடுத்ததாகச் சொல்கிறார், மற்றவர் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்… வில்லா-மரியாவில் ரயில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பதினொன்று. பதினொன்று ஒன்று. மாமியின் கணக்குப்படி இப்போது தொடங்கிவிட்டது, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே நல்ல நேரம் முழுவதும் காலியாகிவிட்டது, இந்தத் தடவை பையை ஒருவரும் கையிலிருந்து வாங்கவில்லை.

ஸ்னோடனில் நீலக் கோட்டுச் சனம் ஏறியது, அவர்களோடு மிதுசன், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிக்காரன், சின்ன வயதிலிருந்து அவளோடு சனிக்கிழமைக் கணக்கு வகுப்புக்கு வந்தவன், இப்போது அதே சீஜெப், அதே விஞ்ஞானப் பிரிவு. அவளைக் கண்டதும் கையிலிருந்த கோப்பிக் கோப்பையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான். "டொக்டர், வணக்கம். தனியாவோ வாறியள்? உதவியாளர் ஒருத்தரும் இல்லையோ?" "உனக்கு ஆர் சொன்னது?" "உன்ரை மாமி குறூப்பிலை போட்டவா. அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டினவா, ரெண்டு தரம். கடைசியிலை ஒரு பெருமூச்சும் விட்டவா, அது இலவசம்." பக்கத்தில் அமர்ந்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தோன்றியது, "ஏய், நீ எங்கையிருந்து வாறாய்? நீ நீலத்திலையெல்லே வாறனி." "இதாலையே வந்தனான், சுத்தி." "ஏன்?" "சும்மா." "சும்மாவோ! டொக்டர்மாருக்குச் சும்மா எண்டு ஒண்டு இருக்கே?" சிரித்தான், அவளும் சிரித்தாள், அவன் அதே படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான் என்பது இருவருக்கும் தெரியும், எத்தனையாவது ஆள் என்று பல்கலைக்கழகம் சொல்லாது, இருபது பேரில் யாராவது இன்று ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை பட்டியலில் இருந்து கூப்பிடுவார்கள்.

"நான் விட்டிட்டன்," என்றான் மிதுசன், அவள் கேட்காமலே, முன்னாலுள்ள கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "உனக்குக் கிடைச்சது எனக்குச் சந்தோசம்தான், உண்மையா. செப்டெம்பரிலை இஞ்சையே உயிரியல், மூண்டு வருசம், ஆறுதலாப் படிப்பம் எண்டு பாக்கிறன். அப்பாவும் விட்டிட்டார். நேத்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தாட்டம் பாத்தவர், என்ரை வாழ்க்கையிலை முதல் தரம்." ஆறுதலா… அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. மூன்று வருடம், ஆறுதலாக, அப்பாவோடு பந்து பார்த்துக்கொண்டு, அவனுக்கு இது தோல்வியாகக் கிடைத்திருக்கிறது, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் கிடைத்திருக்கிறது, அவளுக்குக் கண் கலங்கும்போல இருந்தது, பொறாமை இப்படியும் இருக்குமா, தோற்றவனைப் பார்த்தா? அப்போதுதான் அவனுடைய பெருவிரலைக் கண்டாள். முழங்காலில் வைத்திருந்த போனின் திரையை மேலிருந்து கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான், இழுத்தான், வட்டம் சுற்றியது, நின்றது, திரும்ப இழுத்தான். அதே பல்கலைக்கழகத்தின் பக்கம். அவனுடையதில் பச்சைக் கட்டம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வரிமட்டும். அவள் பார்ப்பதைக் கண்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

நான் இன்னும் அமத்தவில்லை. மூன்று சொல். நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும், அவன் ஐந்து மணிவரைக்கும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான், அது எவ்வளவு கொடுமை, சொல்லாவிட்டால்… சொல்லாவிட்டால் அவன் அவளுடைய பொய்யைத் தின்றுகொண்டு இங்கே இருப்பான், அதுவும் கொடுமைதான். அவள் வேறொன்றைக் கேட்டாள். "மிது, உனக்கு உண்மையா அது விருப்பமோ?" "எது?" "டொக்டர்." "இதென்ன விசர்க் கேள்வி," என்றான். ரயில் பிளமோந்தோனில் நின்றது, எடுத்தது. இருவரும் முன் கண்ணாடியில் இருந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாக வசதியாகிக்கொண்டு வந்தது, யாரும் அவசரப்படாத ஒரு இடம்போல. நமூர் போயிற்று. து லா சவான் போயிற்று. "தெரியாது," என்றான் கடைசியில், மிகவும் மெதுவாக. "கடிதம் வரமுதல் அப்பிடியொண்டும் பெரிசா இருக்கேல்லை. கிடைக்கேல்லை எண்ட பிறகுதான் இரவிலை நித்திரை வருதில்லை." பிறகு வெட்கப்பட்டவன்போல எழுந்து பையைத் தோளில் போட்டான், நிலையம் வந்துவிட்டது. "வாவன், வகுப்பு இருக்கு." "நீ போ, வாறன்." அவன் போனான், இரண்டிரண்டு படியாக.

சாருஜா இறங்கி மேடையில் நின்றாள். ரயில் போனபின் அந்த நீளமான இடத்தில் ஒருவரும் இல்லை. ஐந்து மணிக்கு இன்னும் ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய இருக்கிறது, அப்பா இன்னேரம் திரும்ப இயந்திரத்தின் முன் நின்று, சிரித்த முகத்தோடு, மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பார். அமத்தாமல் விட்டால், அவள் இவ்வளவு நாளும் ஆசைப்பட்ட அந்த வெறும் இரண்டு வருடமும் ஐந்து ஒன்றுக்கு அவள் கைக்கு வந்துவிடும், சரி, வந்த பிறகு? கையில் இருக்கிறதுக்கு யார் ஏங்குவார்கள்… ஐந்து ஐந்துக்கு, ஆறு மணிக்கு, இரவு படுக்கையில், அவளும் இல்லாததைத்தான் பெருவிரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாளா? அமத்தினால் அந்த வருடங்களுக்கு ஏங்குவாள், அமத்தாவிட்டால் இந்தப் படிப்புக்கு ஏங்குவாள், இரண்டிலும் ஏக்கம் இருக்கிறது, அது எங்கேயும் போகாது, அப்படியென்றால் இன்றைக்கு அவள் தெரிவுசெய்ய வேண்டியது எந்த ஏக்கத்தோடு சீவிப்பது என்பதைத்தானா… எதிர்ப்பக்க மேடையில் ஒரு ரயில் வந்து நின்றது, கதவுகள் திறந்தன, யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, ஆனாலும் அது தன் நேரம் முழுவதும் அப்படியே திறந்து நின்றது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.